தவுடு தின்ற சாக்லேட்

போன மாதம் என் பேத்தியின் நாய் சாக்லேட் தின்றுவிட்டது. மேசை மேல் இருந்ததை எட்டி இழுத்துத் தாளோடு சேர்த்து முழுங்கிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பேத்தி போட்ட கூச்சலில் என் கையிலிருந்த காப்பி மடியில் கொட்டியது. "சாக்லேட்தானேடி தின்னுச்சி, எலி பாஷாணமா தின்னுச்சி?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை, நான்தான் ஊட்டிவிட்டேன் என்பது போல இருந்தது.

நாய் டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் பேசுவது எனக்கும் கேட்டது. பால் சாக்லேட்டா, கறுப்பு சாக்லேட்டா? எவ்வளவு? எப்போது தின்றது? நாய் என்ன எடை? வீட்டில் உப்புத் தண்ணி கிப்புத் தண்ணி எதையும் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மிச்சம் இருக்கிற தாளை எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்புங்கள் என்றார். போனார்கள். ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்து, கரி கரைத்த தண்ணீரைப் புகட்டி, மறுநாள் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். நாய் பிழைத்தது.

"அப்படியே வுட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்று பேத்தியைக் கேட்டேன்.

"வாந்தி எடுக்கும் ஆயா. ஒரு எடத்துல நிக்காம ஓடும். கண்ட எடத்துல ஒண்ணுக்குப் போகும், தண்ணியா குடிக்கும். ஒடம்பு உதறும், வலிப்பு வரும். கறுப்பு சாக்லேட்னா ரொம்ப மோசமாம்" என்றாள்.

அவள் ஒவ்வொன்றாகச் சொன்ன எல்லாவற்றையும் நான் சின்ன வயதிலேயே பார்த்திருந்தேன். எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நாய் பிழைத்த சந்தோஷத்தில் ஆயா அழுகிறாள் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

இதை என் வயதுக்காரர்களிடம்தான் சொல்ல முடியும். சாக்லேட் என்ற சொல் நம் காலத்தில் எதைக் குறித்தது என்று உங்களுக்குத்தான் தெரியும். தாள் சுற்றியிருந்தால் சாக்லேட், சுற்றாவிட்டால் மிட்டாய். அவ்வளவுதான். உள்ளே இருப்பது ஆரஞ்சோ, தேங்காயோ, வெறும் சர்க்கரைக் கட்டியோ, பளபளவென்று ஒரு தாளில் முறுக்கி வைத்துவிட்டால் அது சாக்லேட் ஆகிவிடும். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் கண்ணாடிப் புட்டியில் இருந்ததும் அதுதான். அசல் சாக்லேட்டை எங்கள் பக்கத்தில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. இந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் கெட்டுப்போனது.

நைனா ஒரு ரைஸ் மில்லில் இன்ஜின் டிரைவர். ஏரிக்கரைப் பக்கமாக அந்த மில் இருந்தது. மில் சுவரை ஒட்டி ஓடு போட்ட ஒற்றை அறையில் நாங்கள் குடியிருந்தோம், அதுவும் முதலாளியுடையது. அம்மா முதலாளி வீட்டுச் சமையல்கட்டில் கூடமாட வேலை செய்தாள். நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். தம்பி கைக்குழந்தை. "வேலை போனா வூடும் போச்சி, நெனப்புல வெச்சிக்கோ" என்று நான் சத்தம் போட்டுச் சிரிக்கும்போதெல்லாம் அம்மா சொல்வாள். சிரிப்புக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது விளங்கவில்லை.

மாசி பங்குனியில் மில்லைப் பார்க்க வேண்டும். வண்டி வண்டியாக நெல் வந்து இறங்கும். அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் கொட்டினால் ஆவி முகத்தில் அடிக்கும். அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது, புளிப்பும் இனிப்பும் கலந்த ஒரு வாசனை. பெண்கள் முழங்கால் வரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாதத்தால் நெல்லைத் தள்ளிக்கொண்டே நடப்பார்கள். அவர்கள் போன வழியெல்லாம் ஏர் ஓட்டியது போல வரி வரியாகக் கிடக்கும். வெயில் ஏறினால் அந்தச் சிமெண்டில் நாம் ஒரு கால் வைக்க முடியாது. அவர்கள் நாள் முழுக்க நடந்தார்கள்.

தவுடு மில்லில் பிறந்த நாய். தவிடு கொட்டுகிற அறையில் பிறந்தது, நிறமும் அதே நிறம், அதனால் அந்தப் பெயர். ஆடு, கோழி, காக்காய் எது வந்தாலும் விரட்டும். ஆனால் நெல்லின் மேல் மட்டும் காலை வைக்காது. எவ்வளவு அவசரமானாலும் களத்தின் ஓரமாகவே சுற்றிக்கொண்டு ஓடும். நைனா பழக்கிவிட்டது. "எம் பொண்ணுக்குக் கூட இந்தப் புத்தி இல்ல" என்று என்னைக் காட்டிச் சொல்வார். எனக்குக் கோபம் வரும்.

களத்தில் வேலை செய்தவர்களில் ஒரு அக்கா இருந்தாள். சேரியிலிருந்து வருகிறவள். களத்து அக்கா என்றுதான் நான் கூப்பிடுவேன். தலைச்சன் பிள்ளை பிறந்து மூன்று மாதம் கூட ஆகவில்லை, தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். களத்தோரம் இருந்த புங்க மரத்தில் பழைய புடவையால் ஏணை கட்டிக் குழந்தையைப் போட்டிருப்பாள். அதன் அடியில் தவுடு படுத்திருக்கும். பிள்ளை சிணுங்கினால் எழுந்து களத்தைச் சுற்றிக்கொண்டு ஓடிப் போய் அவள் முன்னால் நிற்கும். "தோ, பால் மணி அடிச்சிட்டாரு வாச்சுமேன்" என்று அவள் சிரித்துக்கொண்டே வருவாள். மற்ற பெண்களும் சிரிப்பார்கள்.

அந்தப் பங்குனியில் முதலாளியின் மருமகன் வந்திருந்தார். கப்பலில் வேலை. எந்தக் கப்பல், என்ன வேலை என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. சீமைக்குப் போய் வருகிறவர் என்பது போதும். அவர் கொண்டுவந்த சாமான்களில் செங்கல் மாதிரி கனமாக ஒரு கட்டி இருந்தது. வெளியே பழுப்புத் தாள், உள்ளே ஈயத் தாள். அதைப் பலகாரம் செய்யும்போது கொஞ்சமாகப் போடுவார்களாம். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, அல்லது சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. முதலாளி வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கடி கடித்துவிட்டுத் துப்பிவிட்டார்கள்.

முதலாளியம்மா அதை அம்மாவிடம் கொடுத்தாள். "இந்தாடி, சீமை சாக்லேட்டு. ஒம் பசங்களுக்குக் குடு. எங்க பசங்களுக்குத் தெவிட்டிப் போச்சி."

அம்மா முந்தானையில் முடிந்துகொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவள் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் அதிகம் பார்த்ததில்லை. பிரித்தோம். வெயிலில் உருகி இறுகியிருந்த கட்டியின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் ஒரு மூலையைக் கடித்தேன். நாக்கில் ஒட்டிக்கொண்டு கசந்தது. வேப்பங்கொட்டையைக் கடித்த மாதிரி முகத்தைச் சுளித்தேன். அம்மாவும் சுரண்டி வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள்.

"கெட்டுப் பூட்ச்சிடி. பூசணம் பூத்துக்கீது பாரு. அதான் நமக்குக் குடுத்துக்கீறாங்க" என்றாள். அந்தச் சந்தோஷம் போன வேகத்தையும் பார்த்தேன்.

திருப்பிக் கொடுக்க முடியாது. கொடுத்தால் முதலாளியம்மாவுக்குக் குறையாகப் படும். குப்பையில் போடவும் முடியாது. எங்கள் குப்பையும் முதலாளி வீட்டுக் குப்பையும் ஒரே குழிதான். சீமை சாமானைத் தூக்கி எறிந்தார்கள் என்று யாராவது போய்ச் சொல்லிவிடுவார்கள். அம்மா கொஞ்ச நேரம் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு, "நாயாவது தின்னட்டும்" என்று தவுடுக்கு வைத்த சூடான கஞ்சியில் முழுவதையும் உடைத்துப் போட்டுக் கலக்கினாள். கஞ்சி கறுப்பாகிவிட்டது. தவுடு தட்டை நக்கி நக்கித் தரையில் தள்ளிக்கொண்டே போனது. நான் கைதட்டிச் சிரித்தேன். ஈயத் தாளை நகத்தால் தேய்த்து நேராக்கிக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தவுடு நெல்லின் மேல் ஓடியது.

முதலில் நைனாதான் பார்த்தார். "ஏய்!" என்று இன்ஜின் அறையிலிருந்து ஒரு அதட்டல். அது நிற்கவில்லை. களத்துக்குக் குறுக்கே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது, வரிகளெல்லாம் கலைந்தன. நெல் ஊறவைக்கும் தொட்டியோரம் போய்க் கறுப்பாக வாந்தி எடுத்தது. நின்ற இடத்திலெல்லாம் ஒன்றுக்குப் போனது. நாக்கு ஒரு முழம் தொங்கியது. பிறகு ஏணைக்கு அடியில் போய் விழுந்து உதறத் தொடங்கியது. நாலு காலும் விறைத்து விறைத்து அடங்கின.

களத்து அக்கா போட்டது போட்டபடி ஓடினாள். குழந்தைக்காக ஓடினாள் என்று பிறகு சொன்னார்கள். நான் பார்த்தேன், அவள் முதலில் குனிந்தது நாயிடம்தான். "இன்னாடா தவுடு, இன்னாடா ராஜா ஆச்சி ஒனக்கு" என்று தலையைத் தூக்கி மடியில் வைக்கப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு உதறல் வந்தது. வாய் இறுகி அவள் மணிக்கட்டைக் கவ்விக்கொண்டது. அவள் கத்தினாள். விடுவித்தபோது ரத்தம் நெல்லில் சொட்டியது.

"வெறி! வெறி புட்சிக்கீது!" என்று யாரோ கூவினார்கள். மூட்டை தூக்குகிற ஆட்கள் கையில் கிடைத்த கட்டைகளோடு ஓடிவந்தார்கள். இன்ஜின் நின்றது. இன்ஜின் நின்றால் வரும் அமைதி எனக்கு அன்றுதான் பயமாக இருந்தது.

அம்மா எங்கள் வீட்டிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இருங்க, இருங்க, தண்ணி வெச்சிப் பாப்போம்" என்றாள். வெறி பிடித்த நாய் தண்ணீரைக் கண்டால் மிரளும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மண் சட்டியில் ஊற்றித் தள்ளி வைத்தாள். தவுடு தள்ளாடி எழுந்து சட்டியில் முகத்தை வைத்து மடமடவென்று குடித்தது. முழுச் சட்டியையும் குடித்தது.

"குடிக்குது பாருங்க! வெறி இல்ல" என்றாள் அம்மா.

"முத்தலன்னா குடிக்கும்மா. நாளிக்குப் பாரு" என்றார் மூட்டைக்காரர்களில் மூத்தவர்.

"இல்லண்ணா. நேத்து அது சாக்லேட்டு துண்ணுச்சி. அது ஒத்துக்கல. கறுப்பா கக்கி வெச்சிக்கீது பாருங்க."

ஒரு கணம் எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் சிரித்தார், அதைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். "சாக்லேட்டு துண்ணா வெறி புடிக்குமா? அப்ப பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரன் வூட்ல அல்லாரும் இந்நேரம் கொரைச்சிக்கினு இருக்கணும்!"

முதலாளி வெளியே வந்திருந்தார். அவருக்குப் பின்னால், வாசற்படியில், முதலாளியம்மா. "இன்னா சாக்லேட்டு? யார் குடுத்தது நாய்க்கு?" என்று முதலாளி கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். அம்மா அவரைப் பார்த்தாள், அவரைத் தாண்டி முதலாளியம்மாவைப் பார்த்தாள். இன்ஜின் அறை வாசலில் கைத்துணியோடு நின்ற நைனாவைப் பார்த்தாள். எங்கள் வீட்டுக் கூரை ஓடுகளைப் பார்த்தாளோ என்னவோ.

"கடையில வாங்கினதுங்க" என்றாள்.

அவ்வளவுதான். கடையில் வாங்கியதென்றால் சர்க்கரைக் கட்டி. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் தின்பது, ஊர் நாய்களெல்லாம் பொறுக்குவது. அதற்குமேல் பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை பின்னாலிருந்து வந்து என் வாயைப் பொத்தியது.

தவுடை அடித்துக் கொன்றார்கள். நைனா இன்ஜின் அறைக்குள் போய்விட்டார். நான் அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன், ஆனாலும் சத்தம் கேட்டது. அன்று மத்தியானம் அம்மா என் கணக்குப் புத்தகத்தை உதறி ஈயத் தாளை எடுத்து அடுப்பில் போட்டாள். பழுப்புத் தாளும் போனது. சொன்னால் வெட்கம், அன்றைக்கு நான் அழுத அழுகையில் பாதி அந்த ஈயத் தாளுக்காக.

களத்து அக்காவைக் கம்பவுண்டரிடம் அழைத்துப் போனார்கள். கார்பாலிக் சோப்பு போட்டுக் காயத்தைத் தேய்த்துக் கழுவினார். "நாய் எங்க?" என்று கேட்டார். கொன்றுவிட்டோம் என்றார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "கட்டிப் போட்டு வெச்சிருந்தா பத்து நாள்ல தெரிஞ்சிருக்குமேய்யா. நாய் உசுரோட இருந்தா வெறி இல்ல, செத்தா வெறி. இப்ப எத்த வெச்சி சொல்றது?" தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டே ஆக வேண்டும் என்று காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

தினமும் காலையில் பஸ் ஏறிப் போவாள். சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவாள். ஆனால் ஊசி பெரிதில்லை. வெறி பாலில் இறங்கும், பிள்ளைக்குக் கொடுக்காதே என்று சேரியில் சொல்லிவிட்டார்கள். களத்திலும் அதையேதான் சொன்னார்கள். அவள் மாரை இறுகக் கட்டிக்கொண்டாள். பிள்ளையை நாத்தனாரிடம் விட்டாள், அவளும் களத்தில் வேலை செய்கிறவள். ஆட்டுப் பாலைத் தண்ணீர் கலந்து புகட்டினார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றோட்டம் கண்டது. பிறகு சர்க்கரைத் தண்ணீர். ஏணையில் கிடந்து அது அழுத அழுகை நாளாக ஆகப் பூனைக் குட்டிக் குரல் மாதிரி ஆகிவிட்டது. போய்ச் சொல்லத் தவுடும் இல்லை.

அந்த நாட்களில் அக்காவுக்கு ஒரு பயம் வந்துவிட்டது. வெறி நாய் கடித்தவர்களுக்குத் தண்ணீரில் நாயின் முகம் தெரியும் என்று நாமும் கேட்டிருக்கிறோம் அல்லவா. அவள் குடத்தை நேராகப் பார்க்க மாட்டாள். ஒருநாள் தொட்டியோரம் என்னைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, இங்க வா. இந்தத் தண்ணியில பாரு. எம் மூஞ்சிதானே தெரியுது?"

இருவரும் குனிந்து பார்த்தோம். கன்னமெல்லாம் ஒட்டிப்போய் அவள் முகமும், பக்கத்தில் என் முகமும். "ஒன் மூஞ்சிதான்க்கா" என்றேன்.

"நெஜமா சொல்றியா? பொய் சொல்லாத."

"நெஜம்மாக்கா."

"நாளிக்கும் வந்து பாக்கறியா?"

பார்த்தேன். பல நாள் பார்த்தேன். அது சாக்லேட்டால் வந்தது, வெறி இல்லை என்று ஒரு வார்த்தை என் நாக்கில் நின்றது. ஆனால் எனக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியுமா? அம்மாவுக்கே தெரியாது. ஒத்துக்கொள்ளாத எதையோ போட்டுவிட்டோம் என்ற சந்தேகம்தான் அவளுக்கு. சந்தேகத்தை நம்பிப் பிள்ளைக்குப் பால் கொடு என்று சொல்லி, நிஜமாகவே வெறியாக இருந்துவிட்டால்? இப்படியெல்லாம் அம்மாவுக்காக வாதாடி வாதாடி எனக்கு வயதாகிவிட்டது.

ஒருநாள் காலை, களத்து அக்கா காஞ்சிபுரம் போயிருந்த நேரம், பிள்ளையின் குரல் நின்றுபோனது. அழுகை நின்றதும்தான் எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அம்மா தம்பியை என் இடுப்பில் கொடுத்தாள். சுற்றிப் போகாமல், காய்கிற நெல்லின் மேலேயே நடந்து போனாள். ஏணையிலிருந்து அந்தப் பிள்ளையைத் தூக்கினாள். உமிக் கொட்டகைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்து மாராப்பை விலக்கினாள்.

களத்தில் ஒருவரும் அசையவில்லை. குடியானவர் வீட்டுப் பெண் சேரிப் பிள்ளைக்குப் பால் கொடுப்பதை அந்த ஊரில் யார் கண்டார்கள்? நைனா ஓடிவந்தார்.

"இன்னாமே பண்ற நீ? புத்தி கெட்டுப் பூட்ச்சா?"

"பால் குடுக்கறேன்."

"ஊரு இன்னா சொல்லும்? மொதலாளி இன்னா சொல்லுவாரு?"

"இத்தயும் சாவ வுட்டுட்டு இன்னா சொல்லுவாருன்னு ரோசன பண்ணணுமா?" என்றாள் அம்மா. அந்த 'இத்தயும்' நைனாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

முதலாளியம்மா அம்மாவைச் சமையல்கட்டுக்குள் விடவில்லை. கொல்லைப்புறத்தில் பாத்திரம் மட்டும் தேய்க்கச் சொன்னாள். சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. எதற்குப் பயந்து அன்றைக்கு ஒரு பொய் சொன்னாளோ அதில் பெரும்பகுதி வந்தே விட்டது. வேலை மட்டும் போகவில்லை, நைனா அளவுக்கு அந்த இன்ஜினை ஓட்டத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. ஊசி முடிந்தபோது அக்காவுக்குப் பால் வற்றியிருந்தது. அதனால் அந்தப் பிள்ளை சோறு தின்னும் வரை அம்மாவிடம்தான் குடித்தான். என் தம்பிக்குப் பங்கு குறைந்தது. கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு அவன் முறைத்துக்கொண்டு படுத்திருப்பான். இன்றைக்கும் அவன் ஒல்லிதான்.

ஊர் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதும் வேடிக்கை. இரண்டு வருடத்தில் அதே வாய்கள் அம்மாவை மகராசி என்றன. பெற்ற பிள்ளையின் பாலைப் பிடுங்கி ஊரார் பிள்ளைக்குக் கொடுத்தவள் என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டேன். அது அம்மாவின் காதுக்குப் போனது. துடைப்பத்தாலேயே அடித்தாள்.

"பெருமயா பேசிக்கினு வந்தியா? இன்னாடி பெருமை? ஒனக்குமா தெரியாது?"

அதன் பிறகு யாராவது மகராசி என்றால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். அடக்கம் என்றார்கள். அதுவும் ஒரு புகழாகச் சேர்ந்துகொண்டது. பாவம், எந்தப் பக்கம் ஓடினாலும் அவளை ஒரு மாலை துரத்தியது.

களத்து அக்காவுக்கு ஒன்றும் வரவில்லை. வருவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஊசியும் அம்மனும் காப்பாற்றியதாக நம்பி, வருடா வருடம் ஆடியில் கூழ் ஊற்றினாள். ஆனால் தண்ணீரை எட்டிப் பார்க்கும் பழக்கம் கடைசி வரை போகவில்லை. அவளிடம் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று அம்மா பல தடவை கிளம்பிப் போயிருக்கிறாள். அக்காவின் வாசலில் உட்கார்ந்து, வெற்றிலை மடித்துக் கொடுத்துவிட்டு, நெல் விலையைப் பேசிவிட்டுத் திரும்பி வருவாள். "சொன்னியாம்மா?" என்று நான் கேட்பேன். "எப்படிடி சொல்றது, கையப் புட்சிக்கிறாளே" என்பாள். அக்கா அம்மாவுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவள் பிள்ளை பஸ் கண்டக்டர் ஆனான். பொங்கலுக்குப் பொங்கல் கரும்பும் புடவையும் எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்க வருவான். தம்பிக்கு முன்னால் அவன்தான் காலில் விழுவான். அம்மா அவன் தலையைத் தொடுவாள், கண்ணைப் பார்க்க மாட்டாள்.

அம்மா தம்பி வீட்டில்தான் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பேச்சு நின்று, உயிர் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் பால் ஊற்றினோம். ஓரமாக வழிந்ததே தவிர உள்ளே போகவில்லை. ஏதோ ஆசை மனசில் நிற்கிறது, அதான் பிரிய மாட்டேன் என்கிறது என்றார்கள் பெரியவர்கள். நிலத்து மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள், பொன்னை உரசி ஊற்றினார்கள். ஒன்றுக்கும் அசையவில்லை.

மத்தியானம் களத்து அக்காவின் பிள்ளை வந்தான். காக்கிச் சட்டையைக் கூட மாற்றவில்லை. படுக்கையோரம் மண்டியிட்டு, "அம்மா, நான் வந்துக்கீறேன்மா" என்றான். அம்மா கண்ணைத் திறந்தாள். நேராக அவன் கண்ணைப் பார்த்தாள். உதடு அசைந்தது. அவன் காதைக் கொண்டுபோய் வைத்தான். எனக்கும் கேட்டது.

"சாக்லேட்டு... சாக்லேட்டுடா..."

அவ்வளவுதான் வந்தது. மிச்சம் வரவில்லை. தொண்டை ஏறி ஏறி இறங்கியது.

அவன் எழுந்து எங்கள் எல்லாரையும் பார்த்தான். கண்ணில் நீர் வழிய, முகமெல்லாம் சிரிப்பாக, "சாக்லேட்டு கேக்கறாங்க! கொயந்த மாதிரி சாக்லேட்டு கேக்கறாங்க!" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி ஓடினான். வீடே விம்மியது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாங்கி வந்தான். அப்போது அசல் சாக்லேட்டே கடையில் வந்துவிட்டிருந்தது. வெதுவெதுப்பான பாலில் போட்டுக் கரைத்து, தம்பியின் பேரக்குழந்தைக்குப் புகட்டும் பாலாடையில் ஊற்றிக்கொண்டு வந்து அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். நீயாவது சொல்லேன் என்று கேட்கிற பார்வை. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. வீடு நிறைய ஜனம். அவன் மடியில் அவள் தலை. நான் சொல்லவில்லை.

"குடிம்மா" என்றான் அவன். "நீ குடுத்தப்ப நான் வாணாம்னா சொன்னேன்?"

அம்மாவின் வாய் திறந்தது. அவன் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். ஒரு சொட்டுக் கூட வழியவில்லை, எல்லாவற்றையும் விழுங்கினாள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

கொள்ளி வைக்கத் தம்பியோடு அவனும் போய்விட்டு வந்து, ஈர வேட்டியோடு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"யக்கா, அம்மாவுக்கு சாக்லேட்டுன்னா அவ்ளோ இஸ்டமா? தெரிஞ்சிருந்தா வரப்பல்லாம் வாங்கியாந்திருப்பனே" என்றான்.

"ஆமாண்டா," என்றேன். "ரொம்ப இஸ்டம்."